புதிய ஒலிப்பதிவுக் கணினி, பாட்டுப் பதியும்போது மட்டும் நின்றுபோவது ஏன்?

கணினி 'க்ராஷ்' ஆவது என்பது, மீள முடியாத பிழையைக் கண்ட விண்டோஸ், தரவு மேலும் கெடாதிருக்கத் தன்னையே நிறுத்திக்கொண்டு நீலத்திரை (புதிய விண்டோஸ் 11 பதிப்புகளில் கறுப்புத்திரை) காட்டுவதாகும். புதிய கணினியில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை ரேமும் (கணினியின் தற்காலிக நினைவகம்), மைக்கையும் வாத்தியங்களையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் டிரைவரும்தான் (அக்கருவியை இயக்கும் மென்பொருள்). கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலில் பலமற்ற கால் ஒன்று, கொடி மட்டும் படர்ந்திருக்கும்வரை நின்றுவிட்டு, குலைகளின் பாரம் ஏறியதும் சாய்வதைப் போல, கடிதம் தட்டச்சு செய்யும்போது தொடப்படாத ரேமின் பழுதான பகுதி, பல டிராக்குகளும் வாத்திய ஒலிக்கோப்புகளும் ஏறியதும் வெளிப்படுகிறது. ஆகவே கணினியின் அடிப்படை அமைப்புகளைக் கொண்ட பயாஸில், ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருள் கொண்டு ஓர் இரவு முழுவதும் சோதியுங்கள் (புதியது பழுதாயிராது என்ற நம்பிக்கை இங்கே உதவாது). ரேம் தேறிய பிறகே டிரைவரை மாற்றிப் பாருங்கள். பஃபரை, அதாவது ஒலியைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடத்தை, 64 சாம்பிளாக (ஒலியின் மிகச்சிறு அளவீட்டுத் துணுக்குகள்) குறைத்ததால்தான் கணினி விழுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். அது ஒலியில் வெடிப்புச் சத்தத்தைத் தருமே தவிர, பழுதற்ற கணினியை நிறுத்திவிடாது.