கணுக்கால் மூட்டைச் சேர்த்த பிறகு: வேலூர், ஆரணி, ஆம்பூர் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

தேய்ந்துபோன மூட்டு, பழைய முறிவில் கோணலாகச் சேர்ந்த மூட்டு, சர்க்கரையால் குலைந்த மூட்டு. இவற்றில் மிச்சமிருக்கும் குருத்தெலும்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, டிபியா என்கிற கீழ்க்கால் எலும்பையும் அதன் அடியில் உள்ள தாலஸ் எலும்பையும் ஸ்க்ரூவோ பிளேட்டோ போட்டு ஒரே எலும்பாக வளர விடுவதுதான் கணுக்கால் இணைப்பு ஆபரேஷன். வலி போகும், அந்த மூட்டின் அசைவும் போகும். கீழே சொல்லும் காலக்கணக்கு பொதுவானது. உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

காட்பாடியில் இருந்து ஒரு மகன்: அப்பாவுக்கு ஆபரேஷன் ஆகி ஆறு வாரம். வலியே இல்லைன்னு சொல்லி வாக்கர் இல்லாம பாத்ரூம் வரை நடக்கிறார். தடுக்கணுமா?

தடுங்கள் தம்பி, இன்றே. வலி இல்லை என்பதற்கு எலும்பு சேர்ந்துவிட்டது என்று பொருள் கிடையாது. இப்போது மூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பவை இரண்டு மூன்று ஸ்க்ரூக்கள்தான். எலும்புப் பாலம் கட்டி முடிய பெரும்பாலும் 12 முதல் 16 வாரம் ஆகும். அதற்குள் பூட் இல்லாமல் முழு எடையையும் போட்டால் அந்த இடம் நுண்ணளவில் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடுகிற இடத்தில் எலும்பு வளராது, நார்த்திசுதான் வளரும். பிறகு ஸ்க்ரூ தளரும் அல்லது உடையும்.

வழக்கமான கணக்கு இது. முதல் இரண்டு வாரம் காலைத் தலையணைகள் மேல் நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்திருக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் மட்டும் கீழே இறக்கலாம். இரண்டு மூன்று வாரத்தில் தையல் பிரிப்பார்கள். ஆறு வாரம் வரை அந்தக் கால் தரையில் படக்கூடாது. அதன்பின் எக்ஸ்ரே திருப்தியாக இருந்தால், பூட் (கணுக்காலை அசையவிடாமல் பிடிக்கும் உயரமான கால்கவசம்) போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏற்றச் சொல்வார்கள்.

'கொஞ்சம்' என்பதை அளக்க வீட்டு எடை மெஷின் போதும். வாக்கரைப் பிடித்தபடி ஆபரேஷன் காலை மெஷின் மேல் வைத்து, முள் 15 கிலோ காட்டும்வரை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த அழுத்தம் காலுக்குப் பழகட்டும். அப்பா 60 கிலோ என்றால் வாரம் 15 கிலோ வீதம் கூட்டி, நாலு வாரத்தில் பூட்டோடு முழு எடைக்கு வரலாம். கூட்டிய மறுநாள் காலையில் வீக்கமும் வலியும் முந்தைய நாளைவிட அதிகம் என்றால் பழைய அளவுக்கே திரும்புங்கள்.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில். வாக்கர் பழகாதவர்கள் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக ஏறி இறங்கலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சத்துவாச்சாரி: மாவுக்கட்டுக்குள்ள வேர்த்து அரிக்குது. வெயில் தாங்க முடியல.

அக்னி நட்சத்திரத்தில் மாவுக்கட்டு கொடுமைதான். ஆனால் குச்சி, ஸ்கேல், பின்னல் ஊசி எதையும் உள்ளே விடாதீர்கள். அந்தக் கீறல்தான் உள்ளே சீழ் வைக்கும். ஹேர் டிரையரைச் சூடில்லாத காற்றில் வைத்து மேல் வாயில் காட்டுங்கள். பவுடர் கொட்டக்கூடாது, கட்டியாகிப் புண் உண்டாக்கும்.

விரல் நீலமாவது, மரத்துப்போவது, காலை உயர்த்தியும் மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போவது: இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெண்டைக்கால் சதையில் புதிதாக வலி, வீக்கம் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால் அது நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108.

குடியாத்தம்: வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி பிடிப்பார். ஆபரேஷன் தேதி கொடுத்துட்டாங்க. குறைச்சா போதுமா அக்கா?

குறைத்தால் போதாது அம்மா, நிறுத்த வேண்டும். நிக்கோட்டின் சிறு ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. புதிய எலும்புக்கு ரத்தம் அந்த வழியாகத்தான் வர வேண்டும். எலும்பு சேராமல் போவதற்கு நம் கையில் இருக்கும் காரணங்களில் இதுவே பெரியது. பீடிக்குப் பதில் ஹான்ஸ், வெற்றிலையோடு புகையிலை என்று மாறினாலும் உள்ளே போவது அதே நிக்கோட்டின். ஆபரேஷனுக்கு ஆறு வாரம் முன்பிருந்து, எலும்பு சேர்ந்தது என்று டாக்டர் சொல்லும்வரை எதுவும் கூடாது. தேதிக்குள் நிறுத்த முடியவில்லை என்றால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லித் தேதியைத் தள்ளிப்போடக் கேளுங்கள். மறைத்து ஆபரேஷன் செய்துகொள்வதைவிட அது எவ்வளவோ நல்லது.

வாலாஜா: வீட்டுக்கு வரும் பிசியோ கணுக்காலைப் பிடிச்சு மேலே கீழே வளைக்கப் பார்க்கிறார். வலி உயிர் போகுது.

உடனே நிறுத்தச் சொல்லுங்கள், ஆபரேஷன் சீட்டையும் காட்டுங்கள். சாதாரண முறிவுக்குச் செய்யும் பயிற்சி அது. இங்கே அந்த மூட்டு அசையவே கூடாது என்பதற்குத்தான் ஆபரேஷன்.

செய்ய வேண்டியவை வேறு: விரல்களை மடக்கி நீட்டுவது, முழங்காலை நீட்டி ஐந்து எண்ணும்வரை பிடிப்பது, ஒருக்களித்துப் படுத்து முழுக்காலையும் பக்கவாட்டில் தூக்குவது. ஒவ்வொன்றும் 10 தடவை, நாளைக்கு மூன்று வேளை. இனிக் கணுக்கால் செய்த வேலையில் பெரும்பங்கை இடுப்பும் முழங்காலும்தான் எடுத்துக்கொள்ளப் போகின்றன. எலும்பு சேர்ந்தபின் பாதத்தின் நடுப்பகுதி மூட்டுகள் தாமாகவே கொஞ்சம் மேல்கீழ் அசைவு கொடுக்கும். பலர் அதைப் பார்த்து "கணுக்கால் ஆடுதே, சேரலையோ" என்று பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம்.

திருவலம்: புத்தூர் கட்டு போட்டா சீக்கிரம் கூடும்னு உறவுக்காரங்க சொல்றாங்க. ஆட்டுக்கால் சூப்பும் தினம் கொடுக்கிறோம்.

எந்தக் கட்டும் வேண்டாம், எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம். உள்ளே ஸ்க்ரூ வைத்துத் தைத்த காலில் இறுக்கிக் கட்டினால் காயம் பிளக்கும், ரத்த ஓட்டம் தடைபடும்.

சூப் கொடுக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் அதில் இறங்கும் சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. அதைவிடக் கேழ்வரகுக் களியும் கூழும் மேல். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு. கூடவே இரண்டு முட்டை, பருப்பு, தயிர். வைட்டமின் டி அளவை ரத்தத்தில் பாருங்கள். வெயில் கொளுத்தும் ஊரிலும் வீட்டுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் குறைவாகவே இருக்கும். வலி மாத்திரையில் டைக்ளோபினாக் வகையை நீங்களாகக் கடையில் வாங்கி வாரக்கணக்கில் போடாதீர்கள். வயிறு, கிட்னி மட்டுமல்ல, எலும்பு சேர்வதும் தாமதப்படலாம்.

அணைக்கட்டு: எங்க வீட்ல இந்தியன் டாய்லெட்தான். எப்போ குந்தி உட்காரலாம்?

பழையபடி குந்த முடியாது அம்மா. இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது. குதிகால் தரையில் பட்டபடி குந்த வேண்டுமானால் கீழ்க்கால் பாதத்தின் மேல் முன்பக்கம் சாய வேண்டும். அந்தச் சாய்வு கணுக்காலில்தான் நடக்கிறது. அது போனபின் குந்தினால் பின்பக்கம் விழுவீர்கள்.

ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். இந்தியன் டாய்லெட் மேலேயே வைக்கும் இரும்பு கமோட் ஸ்டூல் கிடைக்கிறது. உட்காரும் உயரம் 42 முதல் 45 செ.மீ., கால் நுனிகளில் ரப்பர் புஷ், பக்கத்துச் சுவரில் பிடிமானக் கம்பி. துண்டு மாட்டும் கம்பி ஆள் எடையைத் தாங்காது. குளிக்க, கைப்பிடி வைத்த நாற்காலி போதும். காலுக்கு இரண்டு பிளாஸ்டிக் பையை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி மேலே டேப் ஒட்டி, காலை வெளியே நீட்டிக்கொள்ளுங்கள்.

சம்மணம் போட எலும்பு சேர்ந்தபின் பெரும்பாலோரால் முடியும். வெளிக்கணு தரையில் அழுந்தித் தழும்பு வலிக்கும். மடித்த போர்வையைக் கீழே வையுங்கள்.

இராணிப்பேட்டை: 20 வருஷமா சர்க்கரை. காலில் உணர்வு கம்மி. எனக்கும் இதே கணக்குதானா?

இல்லை ஐயா. உணர்வு குறைந்த காலுக்குப் பல டாக்டர்கள் ஊன்றாத காலத்தையே ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறார்கள். மற்றவர்களை வலி எச்சரிக்கும், உங்களை எச்சரிக்காது. டாக்டர் பால் பிராண்ட் 1946ல் வேலூர் வந்து தொழுநோயாளிகளின் கைகால்களில் கண்டது இதைத்தான்: புண்ணுக்குக் காரணம் உணராத அழுத்தம். வேலூர் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் செருப்பு பெயர் பெற்றதும் அதனால்தான். பூட்டை விட்டபின் உங்களுக்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். உள்தளம் வேண்டும்.

தினம் இரவு கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள். புறங்கையால் இரண்டு பாதங்களையும் தொட்டுப் பாருங்கள். ஒரு பாதம் மட்டும் தெளிவாகச் சுடுகிறது, சிவந்து வீங்குகிறது என்றால் நடப்பதை நிறுத்திவிட்டு மறுநாளே டாக்டரிடம் போங்கள்.

ஆம்பூர்: ஷூ கம்பெனியில் வேலை செய்றேன் அக்கா. எனக்கு ஏற்ற ஷூவை நானே செஞ்சுக்க முடியும். அளவு சொல்லுங்க.

இந்தக் கேள்விக்கு நம் ஊரைவிடப் பொருத்தமான இடம் ஏது! உங்களுக்கு வேண்டியது ராக்கர் சோல். கணுக்கால் உருளாததால் ஷூவின் அடி உருள வேண்டும்.

சோல் தடிமன் 2 முதல் 2.5 செ.மீ. முன்பக்கம் மேலே வளையத் தொடங்கும் கோடு, விரல்கள் பாதத்தோடு சேரும் தடித்த இடத்துக்குச் சற்றுப் பின்னால் வர வேண்டும். 25 செ.மீ. ஷூ என்றால் குதிகாலில் இருந்து 15, 16 செ.மீ. அந்தக் கோடு முன்னால் தள்ளிப்போனால் முழங்கால் பின்பக்கம் இழுபடும். இதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. குதிகாலின் பின்விளிம்பை 1 செ.மீ. சரித்துச் சீவுங்கள், அந்த மூலையில் மென்மையான ரப்பர் ஆப்பு வைத்தால் காலை வைக்கும் அதிர்ச்சி குறையும். சோல் விறைப்பாக இருக்க வேண்டும். கையால் மடக்கினால் மடங்குகிறது என்றால் ராக்கர் வேலை செய்யாது. மற்றக் கால் ஷூவையும் அதே உயரத்துக்கு ஏற்றுங்கள், இல்லாவிட்டால் இடுப்பு வலி வரும். ஆபரேஷன் கால் அரை முதல் 1 செ.மீ. குட்டையாகியிருக்கலாம், அது கால்விரல் தரையில் தட்டாமல் இருக்க உதவும் என்பதால் முழுக்கச் சரிக்கட்ட வேண்டியதில்லை.

வீட்டுக்குள்ளும் பின்வார் வைத்த செருப்பு போடுங்கள். விரலால் கவ்விப் பிடிக்கும் செருப்பு முதல் ஆறு மாதம் வேண்டாம்.

ஆரணி: பட்டுத்தறி நெய்கிறேன். குழித்தறிதான். மிதிக்க முடியுமா?

முடியும், ஆனால் மூன்று நான்கு மாதத்துக்கு முன் இல்லை. பாதத்தின் நுனியால் மிதிக்கும் பழக்கத்தை விட்டு, நடுப்பாதத்தையும் குதிகாலையும் மிதியில் வைத்து, தொடையில் இருந்து அழுத்துங்கள். மிதிக் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி மிதி இறங்கும் தூரத்தைக் குறைத்தால் நல்லது. அதிகச் சிரமம் குழியில் இறங்கி ஏறுவதில்தான்: விளிம்பில் உட்கார்ந்து, இரு கைகளையும் ஊன்றி, நல்ல காலில் எழுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை வெளியே வந்து காலை நீட்டுங்கள். மாலையில் வீங்கும், அது ஒரு வருடம் வரைகூட இருக்கும். காயம் முழுக்க ஆறியபின் டாக்டரைக் கேட்டு இறுக்கச் சாக்ஸ் போடலாம்.

பேரணாம்பட்டு: தொழுகையில் கால் மடித்து உட்கார முடியலை.

பாதத்தின் மேற்பகுதி தரையில் படியும்படி உட்கார முடியாது பாய், பாதம் கீழ்நோக்கி நீளாது. வலுக்கட்டாயமாக உட்கார்ந்தால் எடை முழுவதும் நடுப்பாத மூட்டில் விழும். கீழ்க்காலுக்கு அடியில் தடித்த தலையணை வைத்துப் பாதத்தை விளிம்பில் தொங்கவிட்டால் சிலரால் முடிகிறது. காலைப் பக்கமாக நீட்டி உட்காருவதும் நாற்காலியும் அதைவிடப் பாதுகாப்பு. மார்க்க விளக்கத்தை உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலூர்: பைக் எப்போ ஓட்டலாம்?

எலும்பு சேர்ந்து, பூட் கழன்று, திடீர் பிரேக்கை வலியில்லாமல் அழுத்த முடிந்த பிறகு. இடதுகால் என்றால் கியர் சிக்கல், வலதுகால் என்றால் பின் பிரேக் சிக்கல். இரண்டு பிரேக்கும் கையில் இருக்கும் ஸ்கூட்டர் இருவருக்கும் எளிது; நிறுத்தும்போது நல்ல காலை ஊன்றப் பழகுங்கள். காரில், இடதுகால் மட்டும் என்றால் கியர் இல்லாத வண்டியைச் சீக்கிரம் ஓட்டலாம். வலதுகால் என்றால் ஆட்டோமேட்டிக்கும் உதவாது. முழுக்காலையும் தூக்கி பிரேக்குக்கு மாற்றப் பழக வேண்டும்.

ஆற்காடு: கிரிவலம், சோளிங்கர் மலை எல்லாம் இனி கனவுதானா அக்கா?

இல்லை தங்கச்சி. சோளிங்கர் பெரிய மலைக்கு ரோப் கார் இருக்கிறது. 1305 படி ஏற வேண்டிய கட்டாயம் இல்லை. கிரிவலம் 14 கி.மீ.; ஒரு வருடம் ஆகி, தினம் நான்கைந்து கி.மீ. வீக்கமில்லாமல் நடக்க முடிந்தால் முயலுங்கள். வெறுங்காலில் வேண்டாம். மேடு ஏறும்போது சின்ன எட்டு வையுங்கள். செங்குத்தான இறக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.

மேல்விஷாரம்: ஆபரேஷன் ஆகி எட்டு வருஷம். நல்லா இருந்தேன். இப்போ வெளிக்கணுவுக்குக் கீழே வலி, பாலாற்று மணலில் நடந்தா அதிகம்.

அது பெரும்பாலும் அடுத்த மூட்டு. தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் இருப்பது. மேடுபள்ளத்தில் பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்துக் கொடுப்பது அதுதான். மேல்மூட்டு நின்றபின் பல வருடம் கூடுதல் வேலை செய்து தேய்ந்திருக்கலாம். எடை போட்டு நின்றபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், படுத்தபடி எடுத்தால் தேய்மானம் சரியாகத் தெரியாது. தொட்டால் மட்டும் ஒரு புள்ளியில் வலிக்கிறது என்றால் ஸ்க்ரூ தலை உறுத்துவதாக இருக்கலாம், அதைக் கழற்றிவிடலாம். பழைய இணைப்பே சரியாகச் சேரவில்லையோ என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே போதாது, சி.டி. ஸ்கேன் வேண்டும்.

தேய்மானம்தான் என்றால் முதலில் ராக்கர் ஷூ, கணுக்காலைச் சுற்றிப் பிடிக்கும் பிரேஸ், ஐந்தாறு கிலோ எடைக் குறைப்பு, கரடுமுரடான இடத்தில் கைத்தடி. கைத்தடி வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் இருக்க வேண்டும். மூன்று மாதம் இதைச் செய்தும் தூக்கம் கெடும் அளவுக்கு வலித்தால் மூட்டுக்குள் ஊசி போடுவது பற்றிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் அடங்காவிட்டால்தான் அந்த மூட்டையும் சேர்ப்பது பற்றி யோசிக்க வேண்டும்.