ஸ்ட்ரெஸ் என்றால் யார் காதில் விழுகிறது?

கேள்வி: இத்தாலியில் தோரினோவில் (டூரின்) எம்.எஸ்சி. படிக்கிறேன். தேர்வு, வாடகை, பெர்மெஸ்ஸோ (இங்கே தங்குவதற்கான அனுமதி) புதுப்பிப்பது என எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தைப் பிடிக்கிறது. கூடப் படிக்கும் இத்தாலியர்களிடம் சொல்லப் போனால் ‘ஸோனோ ஸ்த்ரெஸ்ஸாத்தா’ மட்டும்தான் வாயில் வருகிறது. ‘நானும்தான்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். ‘முடியலை’ என்பதை அவர்கள் எப்படித்தான் சொல்வார்கள்?
- ஒரு வாசகி

பதில்: ஸ்ட்ரெஸ் என்பதை அங்கே எல்லோரும் எதற்கெடுத்தாலும் சொல்கிறார்கள், அதனால் அதற்கு இப்போது எடையே இல்லை. நீங்கள் தேடுவது ‘நோன் ச்சே லா ஃபாச்சோ ப்யூ’. நாம் சலித்துக்கொள்ளும் அதே ச்சேதான், உச்சரிப்பு தானாக வந்துவிடும். பிரித்துப் பொருள் தேடாதீர்கள், மொத்தமாக ‘இனிமேல் தாங்காது’ என்று அர்த்தம். கடைசியில் வரும் ‘ப்யூ’ முக்கியம், அதை விட்டுவிட்டால் ‘இன்றைக்கு ராத்திரி சாப்பிட வர முடியாது’ என்பதற்குக்கூடச் சொல்கிற சாதாரணப் பேச்சாகிவிடும். தேர்வு கைவிட்டுப் போனால் ‘நோன் ச்சே லோ ஃபாத்தா’, என்னால் முடியாமல் போய்விட்டது. ஸ்த்ரெஸ்ஸாத்தா ஆண்களுக்கு ஸ்த்ரெஸ்ஸாத்தோ ஆகும், ஆனால் இந்த ஃபாத்தா யார் சொன்னாலும் ஃபாத்தாதான்.

இதே மாதிரி இருக்கும் ‘நோன் நே போஸ்ஸோ ப்யூ’ வேறு. அதில் பொறுமை போய்விட்ட எரிச்சல் இருக்கிறது, வீட்டுக்காரரைப் பற்றிப் புலம்ப நன்றாக இருக்கும், பேராசிரியரிடம் சொன்னால் அவர் மேலேயே சலித்துக்கொண்டது போலாகிவிடும். அவருக்கு மின்னஞ்சல் என்றால் ‘மி ஸென்தோ ஸோப்ராஃபாத்தா’, எல்லாம் சேர்ந்து என்னை அமுக்குகிறது, என்று எழுதலாம், பேச்சில் அது கொஞ்சம் புத்தக வாசனை அடிக்கும்.

பணமும் கெடுவும் நெருக்கினால் ‘ஓ லாக்வா அல்லா கோலா’, தண்ணீர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. எந்தப் பக்கம் போவது என்றே தெரியாவிட்டால் ‘நோன் ஸோ தோவே ஸ்பாத்தெரே லா தேஸ்தா’, தலையை எங்கே முட்டுவது என்றே தெரியவில்லை என்கிறார்கள் (நாமாவது சுவர் எது என்று தெரிந்துதான் முட்டிக்கொள்கிறோம்).

ஆனால் புலம்பலோடு நிறுத்தினால் மறுபடியும் ‘நானும்தான்’ என்பார்கள். என்ன உதவி வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்: ‘மி தாய் ஊனா மானோ கோல் பெர்மெஸ்ஸோ?’, பெர்மெஸ்ஸோ விஷயத்தில் கொஞ்சம் கை கொடுக்கிறாயா? பேராசிரியரிடமோ அலுவலகத்திலோ ‘மி தாய்’ வேண்டாம், ‘மி புவோ தாரே ஊனா மானோ?’ என்பது மரியாதை. பதிலுக்கு ‘தாய், ச்சே லா ஃபாய்!’ என்று வரலாம். இந்தத் தாய் அம்மா இல்லை. ‘அட, உன்னால் முடியும்’ என்று தட்டிக்கொடுக்கிறார்கள், அலட்சியம் என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்புறம், தூக்கமும் சாப்பாடும் கெட்டு நாட்கள் ஓடினால் இது வெறும் மொழிப் பிரச்சினை இல்லை. பல இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் மாணவர்களுக்கு உளவியல் ஆலோசனை உண்டு, உங்கள் துறையில் விசாரியுங்கள். டாக்டரிடம் போனால் ‘ஓ பிஸோன்யோ தி அயூத்தோ’, எனக்கு உதவி வேண்டும், என்று சொன்னால் போதும். அவசரம் என்றால் 112.