முகப்புக்குப் போட்ட ஃபில்டர் தளம் முழுக்கப் பாய்ந்தால்

கேள்வி: என் வேர்ட்பிரஸ் தளத்தின் முகப்பில் கடைசி 30 நாள் பதிவுகள் மட்டும் வரட்டும் என்று 'போஸ்ட்ஸ்_வேர்' ஃபில்டரில் ஒரு தேதி நிபந்தனை சேர்த்தேன். முகப்பு சரியாகிவிட்டது. ஆனால் பழைய பதிவுகளின் இணைப்பைத் திறந்தால் 404 ('பக்கம் இல்லை') வருகிறது, அட்மின் பட்டியலிலும் அவற்றைக் காணோம். அழிந்துவிட்டனவா?

அழியவில்லை, பயப்படாதீர்கள். இந்த ஃபில்டர் எதையும் நீக்காது. டேட்டாபேஸிலிருந்து பதிவுகளை எடுக்கும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் பேசும் மொழி) வரியில் ஒரு நிபந்தனையைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். சிக்கல் என்னவென்றால், அது முகப்பின் க்வெரியை (பதிவுகளைக் கேட்டு டேட்டாபேஸுக்குப் போகும் கேள்வியை) மட்டும் பார்ப்பதில்லை. தனிப் பதிவைத் திறப்பதும் ஒரு க்வெரி, அட்மின் பட்டியலும் ஒரு க்வெரி, 'எங்களைப் பற்றி' மாதிரியான பக்கங்களும் அப்படித்தான். எல்லாம் அதே வழியாகப் போவதால் எல்லாவற்றிலும் உங்கள் 30 நாள் நிபந்தனை ஒட்டிக்கொள்கிறது. சில விட்ஜெட்கள் மட்டும் தப்பியிருந்தால் குழம்ப வேண்டாம்: அவை பதிவுகளை எடுக்கப் பயன்படுத்தியிருக்கக்கூடிய 'கெட்_போஸ்ட்ஸ்' ஃபங்க்ஷன் இந்த வகை ஃபில்டர்களை இயல்பாகவே ஒதுக்கிவிடும்.

உங்கள் தேவைக்கு எஸ்க்யூஎல்லைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. 'ப்ரீ_கெட்_போஸ்ட்ஸ்' ஹூக் (வேர்ட்பிரஸ் ஓடும்போது நம் கோடை மாட்டும் இடம்) போதும். க்வெரி ஓடுவதற்கு முன்பே அந்த க்வெரி ஆப்ஜெக்ட் உங்கள் கைக்கு வரும், அதில் 'டேட்_க்வெரி'யை செட் செய்து, 'ஆஃப்டர்' என்பதற்கு '30 டேஸ் அகோ' என்று கொடுத்தால் வேலை முடிந்தது (இந்த வசதி 2013இல், 3.7 பதிப்பிலேயே வந்துவிட்டது). ஆனால் இதுவும் எல்லா க்வெரிக்கும் ஓடும், 'கெட்_போஸ்ட்ஸ்' கூட இதிலிருந்து தப்பாது. அதனால் முதல் வரியிலேயே மூன்று கேள்வி கேளுங்கள்: இது அட்மினா (அப்படியானால் எதையும் மாற்றாமல் திரும்பிவிடு), பிரதான க்வெரிதானா (அந்தப் பக்கத்துக்கான முக்கிய க்வெரி), 'இஸ்_ஹோம்' (பதிவுகள் வரும் முகப்பா என்பது) உண்மையா. பின்னிரண்டையும் கைக்கு வந்த க்வெரி ஆப்ஜெக்ட்டின் மேலேயே கேட்க வேண்டும், பொதுவாக இருக்கும் ஃபங்க்ஷனிடம் அல்ல, ஏனென்றால் அது எப்போதும் பிரதான க்வெரியைப் பற்றித்தான் பதில் சொல்லும், மெனுவுக்காக ஓடும் க்வெரிக்கும் 'ஆமாம்' என்றுவிடும். முகப்புக்கு நிலையான பக்கம் ஒன்றை வைத்திருந்தால் 'இஸ்_ஹோம்' பதிவுகள் பட்டியலிடும் பக்கத்தைத்தான் குறிக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வழியில் இன்னொரு லாபமும் உண்டு, இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்ற எண்கள் தானாகவே சரியாக வரும்.

அப்போ 'போஸ்ட்ஸ்_வேர்' எதற்கு? தலைப்பின் முதல் எழுத்தை வைத்துப் பிரிப்பது போல, சாதாரண க்வெரி அமைப்புகளில் சொல்ல முடியாத நிபந்தனைகளுக்கு. அப்போது ஒன்றை மறக்கவே கூடாது: ஃபில்டர் வாங்கிய சரத்தை, அதாவது நிபந்தனைகள் எழுதிய உரையை, திருப்பித் தந்தே ஆக வேண்டும். 'ரிட்டர்ன்' வரி விட்டுப்போனால், 'வேர் 1=1' என்பதற்குப் பின்னால் வர வேண்டிய எல்லாமே காலியாகிவிடும், 'வெளியிடப்பட்டவை மட்டும்' என்ற நிபந்தனை உட்பட. வரைவுகளும் குப்பைக்குப் போனவையும் வாசகர் கண்முன் வந்து நிற்கும். உங்கள் பகுதியை ஒரு இடைவெளி விட்டு 'ஆண்ட்' என்று தொடங்கி, ஏற்கெனவே இருப்பதன் கடைசியில் ஒட்டுங்கள். வெளியிலிருந்து வரும் மதிப்பு எதுவானாலும், அதைப் பாதுகாப்பாக எஸ்க்யூஎல்லில் சேர்க்கும் 'ப்ரிப்பேர்' வழியாகவே போகட்டும்.

ஃபில்டரை உங்கள் சொந்த க்வெரிக்கு முன்னால் சேர்த்து, அது முடிந்ததும் 'ரிமூவ்_ஃபில்டர்' போட்டுக் கழற்றிவிடுங்கள். அதற்காகவே அந்த ஃபங்க்ஷனுக்கு ஒரு பெயர் வையுங்கள், பெயரில்லாமல் அங்கேயே எழுதியதை அப்புறம் கழற்றுவது பெரும்பாடு.

இப்போதைக்கு அந்தப் பழைய ஃபில்டர் வரியை எடுத்துவிட்டுப் பழைய பதிவு ஒன்றைத் திறந்து பாருங்கள். அப்போதும் 404 என்றால், கேச் ப்ளகின் பழைய பதிலைப் பிடித்து வைத்திருக்கலாம், அதைக் காலி செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.