விட்டுவிடச் சொல்லும் வழிகாட்டி

அன்புள்ள ஐயா,

வணக்கம். அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். நுண்ணுயிரியல் என் துறை, இது மூன்றாவது வருடம். எங்கள் வேதி உயிரியல் மையம் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்.ஐ.எச்.சின் கோப்ரி என்ற நிதியில் நடக்கிறது. என் திட்டத்துக்கும் அங்கிருந்துதான் பணம். மையத்தின் ஸ்க்ரீனிங் வசதியில் பல ஆயிரம் மூலக்கூறுகளைச் சோதித்து, நான் ஆராயும் நொதியைத் தடுக்கும் ஒன்றைப் பிடித்தேன். ஒன்றரை வருட உழைப்பு. போன மாதம் மையத்தின் இயக்குநர் (வேதியியலாளர், என் வழிகாட்டியும் அவர்தான்) அதன் அமைப்பைப் பார்த்துவிட்டு இரண்டே நிமிடத்தில் "இதை விட்டுவிடு" என்றார். அதோடு, மையத்தின் பணத்தில் நடந்த வேலை என்பதால் இனி என் கட்டுரைகளில் கடைசி ஆசிரியராகத் தன் பெயர் வரவேண்டும் என்றார். வழிகாட்டுவது என்பது இதுதானா?

கா.

அன்புள்ள கா.,

உங்கள் கடிதத்தில் இரண்டு புகார்கள் இருக்கின்றன. கோபத்தில் ஒன்றாகிவிட்டன. பிரித்துப் பார்த்தால், முதலாவதில் நான் இயக்குநர் பக்கம், இரண்டாவதில் உங்கள் பக்கம்.

ஓய்வுபெறும்வரை இப்படி ஒரு மையத்தின் ஸ்க்ரீனிங் கூடத்தில்தான் வேலை பார்த்தேன். வருடாவருடம் யாராவது ஓர் இளம் பேராசிரியர் முகமெல்லாம் சிரிப்பாக ஒரு 'ஹிட்'டை, அதாவது சோதனையில் தேறிய மூலக்கூறை, தூக்கிக்கொண்டு வருவார். பெரும்பாலானவை பொய். சில மூலக்கூறுகள் எந்தச் சோதனையில் போட்டாலும் வேலை செய்வதுபோல நடிக்கும். தானாகவே ஒளிரும், கண்ட புரதத்திலும் ஒட்டும், நீரில் சிறு திரளாகச் சேர்ந்து நொதியை விழுங்கும். நம் வீட்டு மஞ்சளில் உள்ள குர்குமினே இதற்கு நல்ல உதாரணம். அதைப் பற்றி 2017இல் ஜர்னல் ஆஃப் மெடிசினல் கெமிஸ்ட்ரியில் ஒரு நீண்ட மதிப்பாய்வு வந்தது. 120க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், போலி மருந்தோடு ஒப்பிட்டு முறையாகச் செய்த ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்றது. (ரசத்தில் மஞ்சள் போடுவதை இதற்காக நிறுத்த வேண்டாம்.) இந்த நடிகர் கூட்டத்தை 2010இல் ஆஸ்திரேலியாவில் பேயலும் ஹாலோவேயும் பட்டியல் போட்டு, 'பெயின்ஸ்' என்று பெயரும் வைத்தார்கள். பழகிய வேதியியலாளருக்கு அமைப்பைப் பார்த்ததுமே முகம் சுளிக்கும். உங்கள் இயக்குநருக்கு அந்த இரண்டு நிமிடம் போதுமானதாக இருந்தது அதனால்தான்.

ஆனால் உங்களுக்கு அது போதாது. பட்டியலில் இருப்பது சந்தேகத்துக்குத்தான் காரணம், தீர்ப்புக்கு அல்ல. எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அதை நான் சொல்கிறேன். சோதனைத் தட்டில், டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்து வைத்திருக்கும் கரைசலை நம்பாதீர்கள், வருடக்கணக்கில் உறைபெட்டியில் கிடந்து எது எதுவாகவோ மாறியிருக்கலாம். புதிதாகப் பொடி வாங்கி, தூய்மையைச் சரிபார்த்துவிட்டு மறுபடி சோதியுங்கள். அப்புறம் 0.01 சதவீதம் ட்ரைட்டான் எக்ஸ்-100 சேர்த்துப் பாருங்கள். அந்தத் துளி சோப்பில் உங்கள் ஹிட் காணாமல் போனால், திரள்தான் வேலை செய்திருக்கிறது. மிஞ்சினால், அமைப்பில் ஒரே ஓர் இடம் மட்டும் மாறிய நான்கைந்து மூலக்கூறுகளை மையத்தின் வேதியியலாளரிடம் கேளுங்கள். உங்கள் ஹிட் உண்மையானால், அவற்றில் ஒன்றாவது வேலை செய்யாமல் போக வேண்டும். எல்லாமே வேலை செய்தால்தான் கவலை.

அப்படியானால் மையம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இப்படித் தள்ளுவதற்குத்தான் என்பேன். ஹார்வர்டில் வேதியியலாளர் ஷ்ரைபரும் உயிரணு ஆய்வாளர் மிச்சிசனும் சேர்ந்து செய்த வேலை ஒன்று 1999இல் வெளிவந்தது. 16,320 மூலக்கூறுகளைச் சோதித்தார்கள். உயிரணுப் பிரிவை நிறுத்தியவை 139. அவற்றில், உயிரணு பிரிய உதவும் டியூபுலின் என்ற புரதத்தைத் தாக்குபவை ஏற்கெனவே தெரிந்த கதை என்று ஒதுக்கி, மேலும் சலித்து, கடைசியில் மொனாஸ்ட்ராலுக்கு வந்து சேர்ந்தார்கள். ஈஜி5 என்ற இயக்கப் புரதத்தைத் தடுக்கும் மூலக்கூறு அது. அந்தச் சலிப்பை ஓர் உயிரியலாளர் தனியாகச் செய்திருக்க முடியாது, ஒரு வேதியியலாளரும் முடியாது. ஆகவே உங்கள் ஒன்றரை வருடம் வீண் இல்லை. இந்த ஒன்று போனாலும் சோதனை முறை உங்களுடையது, அடுத்த ஆயிரத்தை அதிலேயே சலிக்கலாம்.

சரி, பெயர் விஷயம். கோப்ரி 2000இல் தொடங்கிய திட்டம். என்.ஐ.எச். பணம் குறைவாகப் போகும் 23 மாநிலங்களுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் உரியது. இளையவருக்கு ஆய்வுப் பணமும் ஒரு வழிகாட்டியும் கிடைக்கும். அவர் சொந்தமாக ஒரு பெரிய கிரான்ட் வாங்கியதும் இறங்கிக்கொள்வார், அந்த இடத்தில் அடுத்தவர் ஏறுவார். எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதுதான் இயக்குநரின் கணக்கு. நம் துறையில் கடைசிப் பெயர் என்பது 'இது என் ஆய்வகம்' என்று சொல்லும் இடம். உங்கள் பணி நிரந்தரக் குழு முதலில் தேடுவதும் அதைத்தான். அங்கே இயக்குநர் உட்கார்ந்தால், அவர் விதைநெல்லை எடுத்துச் சாப்பிடுகிறார். நான் இருந்த இடத்தில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. எட்டுக் கட்டுரைகள், எட்டிலும் கடைசியில் அதே பெரியவர். யோசனை யாருடையது என்று குழு கேட்டபோது அவளால் காட்ட முடியவில்லை. நிரந்தரமாகவில்லை, ஊரை விட்டே போனாள்.

பணம் திரட்டித் தந்தது மட்டுமே ஆசிரியராவதற்குத் தகுதி இல்லை என்று மருத்துவ இதழ்களின் பதிப்பாசிரியர்கள் வகுத்த விதிமுறையே சொல்கிறது. நன்றியுரையில் கிரான்ட் எண்ணைப் போட வேண்டும், அது கடமை. ஒத்த மூலக்கூறுகளைச் செய்து தந்த வேதியியலாளருக்கு நடுவில் இடம் கொடுங்கள், அது நியாயம்.

மின்னஞ்சலில் சண்டை வேண்டாம். மூலக்கூறு விஷயத்தில் அவர் சொன்னதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, முடிவோடு நேரில் போங்கள். பெயர் பேச்சை அப்போது எடுங்கள். அவர் அசையாவிட்டால், இத்தகைய மையங்களுக்கு வெளியிலிருந்து வரும் ஆலோசனைக் குழு ஒன்று உண்டு. கட்டுரை அவர்கள் கண்ணிலும் படும் என்பது அவருக்கும் தெரியும். எப்படியானாலும் இரண்டாவது வழிகாட்டியாக வெளியூர் உயிரியலாளர் ஒருவரை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

புதுப் பொடி வந்து, ட்ரைட்டானில் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். எனக்கும் ஆவலாக இருக்கிறது.