துருக்கியில் ராக் இசை எப்படி வளர்ந்தது? அவர்களுக்கென்று தனி ராக் இருக்கிறதா, இல்லை மேற்கத்தியக் காப்பிதானா?

தனி ராக் இருக்கிறது. ஆனால் தொடக்கம் காப்பிதான். 1957 இல் இஸ்தான்புல்லின் ஜெர்மன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த எர்கின் கோராய் மேடையேறி ராக் அண்ட் ரோல் வாசித்தார். 1961 வாக்கில் வெளிநாட்டு ட்யூனுக்குத் துருக்கிய வரிகளை எழுதிப் பாடும் பழக்கம் வந்தது. அதை 'அரஞ்மான்' என்பார்கள். நம் பழைய படங்களில் இந்தி ட்யூனில் தமிழ்ப் பாட்டு வந்ததே, கிட்டத்தட்ட அதே கதை.

திருப்பம் 1965 இல் வந்தது. ஹுர்ரியத் நாளிதழ் 'தங்க மைக்ரோஃபோன்' என்று ஒரு போட்டி வைத்தது. கிடார், டிரம்ஸ் என்று மேற்கத்தியக் கருவிகள் இருக்கலாம், பாட்டு மட்டும் துருக்கியப் பாட்டாக இருக்கவேண்டும். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு இசைத்தட்டு போட்டுக்கொடுத்து ஊர் ஊராகக் கச்சேரிக்கும் அனுப்பினார்கள். நகரத்துப் பையன்கள் நாட்டுப்பாடல்களைத் தேடத் தொடங்கினார்கள். 1967 இல் ஜெம் கராஜா என்ற பாடகர் இரண்டாம் பரிசு வாங்கியது, எம்ரா என்ற பழைய நாட்டுப்புறக் கவியின் வரிகளைப் பாடித்தான். இன்னொரு பாடகர் ஃபிக்ரெத் கிசிலொக், ஆஷிக் வெய்செலின் பாட்டுகளைப் பாடினார். வெய்செல் சிறு வயதில் அம்மை கண்டு பார்வை இழந்த கிராமத்துப் பாணர். 1973 இல் இறந்தார்.

இங்கே ஒரு கருவியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். அந்தப் பாணர்கள் மீட்டுவது பாலாமா (சாஸ் என்றும் சொல்வார்கள்), நீளக் கழுத்துள்ள தந்திக் கருவி. வீணையில் மெட்டுகளை (சுரத்துக்கு விரல் வைக்கும் கட்டைகளை) மெழுகில் பதித்திருப்பார்கள் அல்லவா? பாலாமாவில் கழுத்தைச் சுற்றி நைலான் இழையால் கட்டியிருப்பார்கள், வேண்டுமானால் நகர்த்தலாம். இரண்டு சுரங்களுக்கு நடுவே வரும் சுரங்களுக்கும் அதில் கட்டு உண்டு. கிடாரில் அந்த இடங்கள் கிடையாது, தந்தியை இழுத்துத்தான் பிடிக்கவேண்டும். அதனால் பாலாமாவையே மின்சாரத்தில் இணைத்தார்கள். முதலில் செய்தவர் என்று பெரும்பாலும் எர்கின் கோராயைத்தான் சொல்வார்கள். பாடகி செல்டா பாஜானின் 1976 ஆல்பத்தில் அந்த ஒலியை முதன்முதலாகக் கேட்டபோது, ஹெட்போனைக் கழற்றாமல் முழு ஆல்பத்தையும் திரும்ப ஒருமுறை ஓடவிட்டேன். கிராமத்து ஒப்பாரிக்கு ஆம்ப்ளிஃபயர் வைத்த மாதிரி இருந்தது. வேறெந்த நாட்டு ராக்கிலும் நான் அதைக் கேட்டதில்லை.

எழுபதுகள்தான் உச்சம். 1967 இல் தொடங்கிய மொகொல்லார் குழு 1971 இல் பிரான்சில் ஒரு பெரிய இசைத்தட்டுப் பரிசையே வாங்கியது. ஜெம் கராஜா தொழிலாளர்களின் வாழ்க்கையைப் பாடினார்.

1980 செப்டம்பர் 12 இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கராஜா அப்போது ஜெர்மனியில் இருந்தார். திரும்பி வரச்சொன்னார்கள், வரவில்லை. அப்பா இறந்தபோதும் வர முடியவில்லை. 1983 இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1987 இல்தான் ஊர் திரும்பினார். செல்டா உள்ளூரிலேயே இருந்து சிறைக்குப் போனார், பாஸ்போர்ட்டையும் முடக்கினார்கள். நீள முடியும் தொங்கு மீசையும் விரல் நிறைய மோதிரமுமாக இருந்த ராக் பாடகர் பாரிஷ் மான்ச்சோ மட்டும் 1988 முதல் டிவி நிகழ்ச்சி நடத்திக் குழந்தைகளின் செல்லமானார். 1999 இல் அவர் இறந்தபோது நாடே அழுதது.

தொண்ணூறுகளில் தனியார் டிவி வந்தது, பாப் பெருகியது, தார்கான் உலகப் புகழ் பெற்றார். மோர் வெ ஓதேசி, துமான், பிறகு 2001 இல் மாங்கா என்று புது ராக் குழுக்களும் வந்தன. ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷனில் 2010 இல் மாங்கா இரண்டாம் இடம். நல்ல குழுக்கள்தான், ஆனாலும் என் மனம் எழுபதுகளிலேயே நிற்கிறது.

கேட்க ஆசையென்றால் முதலில் வெய்செல் தனியாக சாஸ் மீட்டிப் பாடுவதைக் கேளுங்கள். அப்புறம் செல்டா. அதற்கப்புறம் ஆம்ஸ்டர்டாமிலிருந்து வரும் அல்தின் குன் குழு. அதே நாட்டுப்பாடல்களை இன்றைக்கும் மின் சாஸில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள்.