ஸ்லைடை மனப்பாடம் செய்தும் மார்க் வரவில்லையே?

கேள்வி: ஊரில் பி.காம். முடித்துவிட்டு இப்போது கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். பின்னால் யுனிவர்சிட்டிக்கு மாறி பயாலஜி டிகிரி வாங்க ஆசைப்பட்டு, கம்யூனிட்டி காலேஜில் 5 யூனிட் ஜெனரல் பயாலஜி எடுத்தேன். ஸ்லைடுகளை வரி விடாமல் படித்தும் முதல் தேர்வில் 100-க்கு 58. விட்டுவிடலாமா?

பதில்: அன்புச் சகோதரி, அவசரப்பட்டு விட வேண்டாம். முதலில் ஒன்றைச் சரிபாருங்கள். பயாலஜியை மேஜராக, அதாவது முதன்மைப் பாடமாக எடுப்பவர்களுக்கு ஒரு பாடம், மற்றவர்களுக்கு ஒரு பாடம் என்று தனித்தனியாக நடத்துவார்கள். நீங்கள் எடுத்தது யுனிவர்சிட்டியில் மேஜருக்குச் செல்லுமா என்பது எந்த காலேஜ் பாடம் எந்த யுனிவர்சிட்டியில் செல்லும் என்று காட்டும் ‘அசிஸ்ட்’ இணையதளத்தில் தெரியும்.

ஸ்லைடில் இருப்பது வரையறை. தேர்வில் வருவதோ ‘இப்படி மாற்றினால் என்ன ஆகும்?’ என்ற கேள்வி. அதனால்தான் மனப்பாடம் கைகொடுக்கவில்லை. பலர் தடுக்கி விழும் குரோமோசோம் கணக்கையே பாருங்கள். நூல் துண்டுகளையே குரோமோசோம்களாக வைத்துக்கொள்ளுங்கள்: அம்மாவிடமிருந்து வந்தது சிவப்பு, அப்பாவிடமிருந்து வந்தது நீலம். சிவப்பு நூலில் நீளம் 1, குட்டை 1. நீல நூலிலும் அப்படியே. மொத்தம் 4 குரோமோசோம். டி.என்.ஏ. இரட்டிப்பானதைக் காட்ட, ஒவ்வொன்றுக்கும் அதே நிறம், அதே நீளத்தில் ஜோடி சேர்த்து நடுவில் முடிச்சுப் போடுங்கள். இப்போது எத்தனை? 8 என்று எழுதினால் தப்பு. முடிச்சைத்தான் எண்ண வேண்டும், அதுதான் சென்ட்ரோமியர். குரோமோசோம் 4; முடிச்சில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு இழையும் ஒரு குரோமாட்டிட், அது 8. சாதாரண செல் பிரிவான மைட்டாசிஸில், இழைகள் பிரியும் அனாஃபேஸ் கட்டத்தில் முடிச்சு அவிழ்ந்து, ஒவ்வொரு இழையும் தனிக் குரோமோசோமாகி 8 ஆகும். முட்டை, விந்து செல்களை உண்டாக்கும் மியாசிஸின் முதல் பிரிவில் முடிச்சு அவிழாது, ஒரே நீளமுள்ள சிவப்பும் நீலமும்தான் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். செல்லுக்கு 2 குரோமோசோம், 4 குரோமாட்டிட். கையால் செய்து, நோட்டை மூடிவிட்டு வரைந்து பாருங்கள். படம் எங்கே நிற்கிறதோ, படிக்க வேண்டிய இடம் அதுதான்.

லேப் மார்க்கைக் கோட்டை விடாதீர்கள். மைக்ரோஸ்கோப்பில் 4 எக்ஸ் லென்ஸில் தொடங்கி 10, 40 என்று ஏறுங்கள். 40-இல் ஃபோகஸ் செய்யும் பெரிய திருகைத் தொடவே கூடாது; லென்ஸ் ஸ்லைடை ஒட்டியே நிற்பதால் கண்ணாடி உடைந்துவிடும்.

5 யூனிட் என்றால் முழு செமஸ்டரில் வகுப்பு, லேப், வீட்டுப் படிப்பு எல்லாம் சேர்த்து வாரம் 15 மணி நேரம் ஆகும். அது கிடைக்காவிட்டால் மட்டும் விடுவதை யோசியுங்கள். பாடத்தை நடுவில் விட்டால் மார்க் பட்டியலில் விழும் ‘டபிள்யூ’, மதிப்பெண் சராசரியான ஜி.பி.ஏ.-வைத் தொடாது, ஆனால் ஒரு பாடத்துக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் 3 முயற்சிகளில் ஒன்றாகிவிடும். அதற்கான கடைசித் தேதி காலேஜ் காலண்டரில் இருக்கும். அதற்குள் விடைத்தாளோடு பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் ஆஃபீஸ் ஹவருக்குப் போய், தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் உங்கள் காரணத்தைச் சொல்லி, அது எங்கே பிசகியது என்று கேளுங்கள்.