விடுபடும் சேதக் கணக்கு

கேள்வி: புயல் சேதக் கணக்கெடுப்பில் எளியவர்களின் இழப்பு விடுபட்டுப்போகிறதே, இதைச் சீராக்க முடியாதா?

பதில்: முடியும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் டெல்டாவின் தென்னந்தோப்புகளை வேரோடு சாய்த்தபோது, தோப்புதோப்பாகச் சென்று கணக்கெடுக்கும் பெரும்பாரம் கிராம நிர்வாக அலுவலர்கள்மீது விழுந்தது. அத்தகைய அவசரத்தில், அடங்கல் எனப்படும் கிராமப் பயிர்ப் பதிவேட்டில் பெயரில்லாத குத்தகைதாரரின் பயிரும், கூரை பிய்ந்த வீட்டில் நனைந்து பழுதான தையல் இயந்திரமும் எளிதில் விடுபட்டுவிடும். ஆகவே வருவாய், வேளாண்மை, மீன்வளத் துறையினரோடு மகளிர் சுயஉதவிக் குழுவினரும் கல்லூரி மாணவர்களும் இணைந்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே ஒரே படிவத்தில் பயிற்சி பெற வேண்டும்; முழுச் சேதம் எது, பகுதிச் சேதம் எது என்பதை இடிந்த சுவரின் படத்தைக் காட்டியே விளக்க வேண்டும். எடுத்த கணக்கைக் கிராம சபையில் வாசித்துத் திருத்துவதையே நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன்.